மேல்பல்லு ரெண்டு

இங்கன உக்காரு தாயி, எடம் இருக்கு. இந்தப் பையை அங்குட்டுத் தள்ளிக்க. ஒண்ணும் ஆகாது, தள்ளு. உள்ள பிள்ளையோட தண்ணி பாட்டிலு, ஒரு மாத்து கவுனு, என் வெத்தலப் பொட்டி, அம்புட்டுத்தான். இருந்து என்ன, எடுக்க முடியல. பாரேன் அந்த முடிச்ச. ஒரு துணிப்பைக்கு எவளாச்சும் இப்படி முடிச்சுப் போடுவாளா? எம் மக போட்டது. முடிச்சு, அதுக்கு மேல ஒரு முடிச்சு, அதுக்கு மேல இன்னொண்ணு, அப்பறம் இழுத்து இழுத்துப் பாக்குறது. காலையிலருந்து வெத்தல இல்லாம உக்காந்திருக்கேன். கிறுக்கு. வேற என்னத்தச் சொல்ல.

கைப்பிள்ளைக்கு எத்தன மாசம்? ஏழா? பல்லு வந்துருச்சா? மேலயா கீழயா? எங்க, வாயத் தொறந்து காட்டு பாப்போம். ஆ... கீழ ரெண்டு. சரி, தப்பிச்ச. ஒனக்குக் கூடப் பொறந்த ஆம்பளப் பிள்ள இருக்கா? ஒரு தம்பியா? அவன் தப்பிச்சான்.

சிரிக்காத. சிரிக்கிற விசயம் இல்ல இது. சொல்றேன்.

நீ யாருக்குப் பாக்க வந்த? மூத்தவனுக்கா. நாலு வயசுல பல்லு பூராம் சொத்தையா? பால் புட்டிய வாயில வச்சுக்கிட்டே தூங்கிருப்பான், நீயும் நிம்மதின்னு விட்டுருப்ப. இங்க வர்றது பூராம் அந்தக் கேசுதான். அந்தா அந்தப் பய சிரிக்கிறான் பாரு, வாயெல்லாம் வெள்ளித் தொப்பி. தகரக் கடை மாதிரி இருக்கு. பால்பல்லு, நாளைக்கு விழுகப் போற பல்லு, அதுக்குப் போயித் தொப்பி போட்டு விட்டுருக்காக. ஆறு வயசுப் பிள்ளை பல்லு விழுந்தா அதப் பசுஞ்சாணியில உருட்டிக் கூரைக்கு மேல எறிவோம். அவ்வளவுதான் அதுக்கு மருவாதி. இவுக தொப்பி போடுறாக.

எறியிறதுன்னதும் ஞாபகம் வருது. எம் பேத்திக்குக் கீழ்ப்பல்லு மொதல்ல விழுந்தப்ப நான் சாணி தேடி நாலு தெரு அலைஞ்சேன். மதுரையில பால் பாக்கெட்டு கெடைக்குது, சாணி கெடைக்கல. கடைசில ஒரு கோயில் மாடு போட்டுச்சு. உருட்டி எறிஞ்சா, அது வீட்டுக்காரரு மாடியில வெயிலுக்குன்னு கண்ணாடித் தகடு வச்சிருக்காரு பாரு, கரண்டு எடுக்க, அதுல போயிச் சப்புன்னு ஒட்டிக்கிருச்சு. அந்தாளு வந்து கத்துறான். யோவ், பிள்ளை பல்லுய்யா, ராசிய்யான்னேன். "ராசிய நீங்களே ஏறித் தொடைங்கம்மா"ங்குறான். இவனெல்லாம் வீடு கட்டி வாடகைக்கு விட வந்துட்டான்.

எங்க விட்டேன்? ஆமா, மேல்பல்லு.

உள்ள படுத்துக் கெடக்கே எம் பேத்தி, எட்டு வயசு. பேரு மிதுசா. என்ன பேருன்னு கேக்காத, எனக்கும் தெரியாது, அவுக அப்பன் போன்ல பாத்து வச்சான். அவளுக்கு மேல முன்பல்லு ரெண்டு வரணும்ல, அதுல ஒண்ணு வந்துச்சு, பழுப்புல குழி குழியா. இன்னொண்ணு வரவே இல்ல. கூடப் படிக்கிறதுக எல்லாம் முயலு மாதிரிப் பல்லக் காட்டிக்கிட்டுத் திரியுது, இவ கையால வாயப் பொத்திக்கிட்டுப் பேசுறா. பள்ளிக்கூடத்துல போட்டோ எடுத்தாகளாம், நாப்பது பிள்ளையும் சிரிக்குது, இவ ஒருத்தி உம்முன்னு நிக்கிறா. அந்தப் போட்டோவ வச்சுக்கிட்டு இவ ஆத்தா அழுகுறா. அழுது அழுது இங்க கூட்டியாந்து நிப்பாட்டியிருக்கா. ஒரு பல்லு வரலைன்னா வானமா இடிஞ்சு விழுந்துரும்? எனக்குந்தான் முன்பல்லு இல்ல, நான் பேசலையா? அது போன கதைய அப்பறம் சொல்றேன்.

இங்க டாக்டருன்னு திரியுறது பூராம் பாத்தியா? எல்லாம் படிக்கிற பிள்ளைக. வெள்ளைக் கோட்டு போட்டா டாக்டரு. நேத்து ஒருத்தி வந்தா, என் கட்டைவிரல் தண்டி இருக்கா, எம் மகளப் பாத்து, "அம்மா, பல்லு வர்றதுக்கு முன்னாடியே ஈற ஈரத்துணி வச்சுத் தொடைக்கணும், ஒரு வயசாகுறதுக்குள்ள ஒருக்கா கொண்டாந்து காட்டிருக்கணும்"ங்குறா. பல்லே இல்லாத பிள்ளையப் பல்லு டாக்டருகிட்ட எதுக்கு தாயி கொண்டு வரணும்? முடியே இல்லாதவன் சவரக்கடைக்குப் போவானா? கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

படம் எடுத்துப் பாத்தாக. வராத பல்லு உள்ளயே கெடக்காம். மேலாக்கத் திரும்பி, மூக்கப் பாத்துக்கிட்டு, பல்லோட கழுத்துல வளைஞ்சு கெடக்காம். அத ஈற அறுத்து, பல்லு மேல ஒரு பொத்தான ஒட்டி, சங்கிலியக் கோத்து, மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாக் கீழ இழுக்கணுமாம். சண்டிக் கெடாய இழுக்குற மாதிரி. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ இழுப்பாகளாம். கேக்கவே நல்லாருக்கா?

அதோட விட்டாகளா? இல்ல. இது எதுனால ஆச்சுன்னு தெரியணுமாம். படத்துல அந்தப் பல்லுக்குப் பக்கத்துல குருணை அரிசி தண்டி என்னமோ ஒண்ணு கெடக்காம். அது என்னன்னு தெரிஞ்சாத்தான் எப்படி அறுக்கணும்னு முடிவு பண்ண முடியுமாம். பெரிய டாக்டரம்மா ஒண்ணு இருக்கு, கண்ணாடி போட்டது, சிரிக்கவே தெரியாது. அது எம் மககிட்ட கேக்குது. "கைக்குழந்தையா இருக்கும்போது இந்த எடத்துல அடிபட்டுச்சாம்மா?" எம் மக ஒடனே, "ஆமா டாக்டர், ஏழு மாசத்துல தொட்டில்லருந்து விழுந்துட்டா. மேல்பல்லு ரெண்டும் அப்பவே போயிருச்சு. நான் தொட்டி கட்டுனதுதான் சரியில்ல"ங்குறா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதாதா? நான்தான் கட்டுனேன், நான்தான் கட்டுனேன்னு எட்டு வருசமா இதே பாட்டு.

அந்தம்மா விடலையே. "உதடு கிழிஞ்சுச்சா? நாக்குல காயம் இருந்துச்சா? விழுந்த பல்ல யாரு பாத்தா? அன்னைக்குக் கூட இருந்தது யாரு?" போலீசு கெட்டுச்சு போ.

ஆரு கூட இருந்தா, நான்தான் கூட இருந்தேன். பத்து நிமிசம் முன்னாடி எம் மக வந்து கூப்புட்டா. "அம்மா, உள்ள வா, டாக்டர் ஒன்னையத்தான் கேக்குறாக"ன்னு. முட்டி வலிக்குது, நீ போ, வாரேன்னு அனுப்பிட்டேன். வலி இல்லாமயா? வலி இருக்குதான்.

அந்தா கூப்புடுறா பாரு ஆஸ்பத்திரி ஆயா. "மிதுசாவோட பாட்டி யாரு"ன்னு. கூப்புடட்டும். அவளுக்குத் தொண்டை எதுக்கு இருக்கு.

நான் ஒனக்குச் சொல்றேன் கேளு. இந்த டாக்டருமாருகளுக்குச் சொன்னா வெளங்காது. இதுக்கெல்லாம் படிப்புல பதில் இல்ல.

மொதப் பல்லு மேல மொளைச்சா தாய்மாமனுக்கு ஆகாது. எங்க பக்கம் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒங்க பக்கமும் உண்டா? உண்டுல்ல. அப்பறம் என்ன. எனக்கு அது காதால கேட்ட கதை இல்ல தாயி. எனக்கே மேல்பல்லுதான் மொதல்ல வந்துச்சு. எனக்கு ரெண்டு வயசு முடியல, எங்க அம்மாகூடப் பொறந்த ஒரே மாமன், கெணறு தோண்டப் போன எடத்துல வெடி வச்சதுல கல்லு பேந்து நெஞ்சுல அடிச்சுச் செத்தாரு. கல்யாணம் ஆகல. அன்னையிலருந்து எங்க அம்மாச்சி என்னையத் தூக்குனதில்ல. பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. பஞ்சவர்ணம்னு இம்புட்டு நல்ல பேரு இருக்கு எனக்கு. "எம் மகன முழுங்குனவ" அதுதான் பேரு. சோறு போடையில, "அந்த முழுங்குனவளுக்கும் வையி"ன்னு சொல்லும். நான் வயசுக்கு வந்தப்பத் தாய்மாமன் மொறையில ஓலைக் குச்சில் கட்டவும் ஆளில்ல, சீலை கொண்டாரவும் ஆளில்ல. அக்கம்பக்கத்துப் பொம்பளைக, மாமன் சீரு எங்கன்னு கேக்குதுக, தெரிஞ்சுக்கிட்டே கேக்குதுக. எங்க அம்மாச்சி சாகக் கெடக்கையில நான் பால் ஊத்தப் போனேன். வாய இறுக்கி மூடிக்கிருச்சு. கடைவாயில ஒழுகிப் போச்சு.

சரி விடு. அது செத்து நாப்பது வருசம் ஆச்சு. வெளங்காத கெழவி.

எனக்குப் பிள்ளைக ரெண்டு. மூத்தவன் தங்கமாயன், அடுத்தவ இந்த அழகுமீனா. அழகுமீனாவுக்குத் தலப்பிரசவம் எங்க வீட்டுல. அஞ்சாம் மாசம் பிள்ளையக் கொண்டுபோயி விட்டுருக்கணும், மாப்ள அப்பக் கேரளாவுல டயர் கடையில இருந்தாரு, அதனால எங்கிட்டயே இருந்தாக. ஏழாம் மாசம் ஒரு நா பிள்ளைக்கு மருந்து குடுக்கையில விரலுல நறநறன்னுது. வாயத் தொறந்து பாக்குறேன், மேல, நெல்லு மொனை கணக்கா ரெண்டு பல்லு எட்டிப் பாக்குது. கீழ ஒண்ணுமே இல்ல, வழுவழுன்னு கெடக்கு.

அந்த வாரமே தங்கமாயன் வண்டியில போயிக் கீழ விழுந்து வந்து நிக்கிறான். முழங்கால் பூராம் தோலு பேந்து. என்னடான்னா நாயி குறுக்க வந்துச்சுங்குறான். நாயி வந்துச்சாம். நாய அனுப்புனது எதுன்னு எனக்குல்ல தெரியும்.

மொதல்ல லேசுல முடிக்கத்தான் பாத்தேன். கிண்ணத்துல நல்லெண்ணெய ஊத்தி, அதுல பிள்ளை மொகத்தக் காட்டி, அவன அதப் பாக்கச் சொன்னேன். எண்ணெயில பாத்தா தோசம் கொறையும். அந்தப் பய குனிஞ்சு பாத்துட்டு, "அம்மா, எம் மொகந்தான் தெரியுது, மீசைய ஒதுக்கணும் போல"ங்குறான். எம் மகளும் கூடச் சேந்து சிரிக்கிறா. ரெண்டும் சிரிக்குதுக. ஒருத்தனுக்கு உசுரு போகப் போகுது, ஒருத்திக்குப் பேரு போகப் போகுது, சிரிக்குதுக. படிச்சதுக பாரு.

அவனுக்கு அப்பத்தான் பொண்ணு பேசிருந்துச்சு. கோயம்புத்தூர்ல. நான் என்ன செய்யட்டும், சொல்லு.

எங்க ஊரு சந்தைக்குப் போற வழியில தெய்வேந்திரன்னு ஒருத்தரு. பல்லுக் கட்டுறவரு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள செட்டுப் பல்லா அடுக்கி வச்சிருப்பாரு, போறவன் வாரவனப் பாத்துச் சிரிக்கிற மாதிரி. டாக்டரு கிடையாது, ஆனா இங்க கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியுற இந்த நண்டுகளுக்கெல்லாம் மேலு. எங்க மாமியாருக்கு ஒரே இழுப்புல கடவாப்பல்லப் பிடுங்குனவரு. அதுக்கு மூணு நாளு மொகம் வீங்கி, கண்ணு ரெண்டும் மூடிப்போச்சு, அது வேற விசயம்.

எம் மக அன்னைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தா. கவருமெண்டு பரீட்சை, குரூப்பு என்னமோ. வருசம் பூராம் புத்தகத்த வச்சுக்கிட்டே கெடந்தா, பிள்ளையத் தொட்டியில ஆட்டிக்கிட்டே படிப்பா. அன்னைக்கும் தொட்டியக் கட்டிப் பிள்ளையப் போட்டுட்டுத்தான் போனா. "அம்மா, ஒரு மணிக்கு வந்துருவேன், பாத்துக்க"ன்னா. அவ தலை மறையவும் பிள்ளையத் தூக்கித் தோளுல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

தெய்வேந்திரன் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. "பச்சப்பிள்ளைக்கெல்லாம் நான் கை வைக்க மாட்டேன் அக்கா, வேரே விட்டிருக்காது, ரெண்டு வருசம் பொறுங்க"ன்னாரு. ரெண்டு வருசம் பொறுத்தா எம் மகன் இருக்க மாட்டான்யான்னேன். எங்க மாமன் கதையச் சொன்னேன். அழுதேன். நான் லேசுல அழுக மாட்டேன், அன்னைக்கு அழுதேன். அவருக்கும் அக்கா தங்கச்சி இருக்குல்ல, மனசு எளகிருச்சு.

பிள்ளைத் தலைய முழங்காலுக்கு நடுவுல வச்சு நான் இடுக்கிக்கிட்டேன். அவரு பல்லுப் பிடுங்குற குறட்ட எடுத்தாரு. பல்லு இம்புட்டுக்காணுதான் வெளிய தெரியுது, பிடிமானம் கெடைக்கல. அதனால ஈற லேசாக் கீற வேண்டியதாப் போச்சு. கத்துனா. பிள்ளைன்னா கத்தத்தான் செய்யும், ஊசி போட்டாக் கத்தலையா? ரெண்டும் வந்துச்சு. வேரு இல்ல, தூரு இல்ல, வெள்ளரி வெதை கணக்கா ரெண்டே ரெண்டு ஓடு. மஞ்சத்துணியில முடிஞ்சு பாழுங்கெணத்துல போட்டேன். அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஏன் பிள்ளைய அந்தத் தோளுக்கு மாத்துற? கை கடுக்குதா? குடு, நான் வச்சிருக்கேன். வேண்டாமா? சரி.

வீட்டுக்கு வந்தா ரத்தம் நிக்கல. துணி வச்சு அமுக்குறேன், ஊறுது. இவ வர்ற நேரம் ஆச்சு. நடந்தத நடந்தபடி சொன்னா என்ன ஆகும்? ஊரக் கூட்டுவா. மாப்ளைக்குப் போனப் போடுவா. மேல்பல்லு மொளைச்ச விசயம் எங்க சம்பந்திக்குப் போகும். அவ வாசுகின்னு ஒருத்தி, வாயாடி, அவ வாயில விழுந்தா எந்திரிக்க முடியாது. "ஒங்க பேத்தி மாமன முழுங்க வந்தவளாமே"ன்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சுருவா. என் பிள்ளைக்கு என் பேரு வரணுமா? அதனால தொட்டில்லருந்து விழுந்துட்டான்னு சொல்லிட்டேன். தொட்டின்னா பிள்ளை விழுகத்தான் செய்யும், உலகத்துல விழுகாத பிள்ளையா?

அவ வந்து பாத்தா. தொங்குற சீலையப் பாத்தா, பிள்ளைய எடுத்து நெஞ்சுல அமுக்கிக்கிட்டா, அப்படியே தரையில உக்காந்துட்டா. பரீட்சை நல்லா எழுதிருந்தாளாம். அதோட விட்டுட்டா, அப்பறம் எந்தப் பரீட்சைக்கும் போகல. நல்லதாப் போச்சுன்னு வையி, பொம்பள வெளிய போயி வேலை பாத்தா வீடு வெளங்குமா?

சம்பந்திக்காரி விட்டாளா? இன்னைக்கு வரைக்கும் நல்லது கெட்டதுல நாலு பேரு கூடுனாப் போதும். "பரீட்சை எழுதுற அவசரத்துல தொட்டியக்கூட ஒழுங்காக் கட்டாமப் போனவ"ன்னு ஆரம்பிச்சுருவா. மாப்ள நல்லவருதான், ஆனா கோவம் வந்தா அவரும் அதத்தான் சொல்வாரு. இவ பதிலுக்கு ஒரு வார்த்த பேசுவாளா? மாட்டா. தலையக் குனிஞ்சுக்குவா. ரோசம் கெட்டவ. நான் கூட இருந்து பாக்குறேன்ல, எனக்கே பொறுக்காது. எதுத்துப் பேசுடின்னு சொல்லுவேன். "நான் என்னம்மா பேச, நான் கட்டுனதுதானே அவுந்துச்சு"ன்னுருவா. அப்பறம் போயி எதையாச்சும் முடிஞ்சு வைப்பா. சீனிப் பொட்டலத்துக்கு மூணு முடிச்சு. பள்ளிக்கூடப் பையிக்கு மூணு முடிச்சு. பிள்ளைக்கு ரிப்பன் கட்டுனா பள்ளிக்கூடம் விட்டு வந்து கத்திரி வச்சுத்தான் வெட்டணும். ராப்பகலா முடிச்சு. இத எந்த டாக்டருகிட்டக் காட்ட?

திரும்பக் கூப்புடுறாளா? கேக்குது, கேக்குது. செவிடா நானு.

ஆனா ஒண்ணு சொல்றேன். எம் மகன் இன்னைக்கு உசுரோட இருக்கான். குத்துக்கல்லு மாதிரி இருக்கான். ஒரு காய்ச்சல் மண்டையிடி இல்ல. யாரால? கல்யாணம் முடிச்சுக் கோயம்புத்தூர்லயே மாமனார் வீட்டுக்குப் பக்கத்துல எடம் பாத்து வீடு கட்டிட்டான். நான் போயி ரெண்டு மாசம் இருந்தேன். மருமகளுக்கு வெத்தல வாசம் ஆகலையாம். அவன்தான் பஸ் ஏத்தி விட்டான், ஒரு பழமும் வாங்கிக் குடுத்தான். இப்பப் போன் எடுக்குறதில்ல, வேலை சாஸ்தி. பேத்தி காதுகுத்துக்கு வந்தான், மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும். வச்சுக்கிட்டான், போனப் பாத்துக்கிட்டே. இந்த ஆபரேசன் விசயத்த எம் மக அவனுக்குச் சொன்னா. "லீவு இல்லயே மீனா, எனக்கு அந்த ரத்தமெல்லாம் பாக்க முடியாது"ன்னுட்டான். எளகின மனசு அவனுக்கு. சின்னதுலருந்தே அப்படித்தான்.

அதனாலதான் மகளோட இருக்கேன். அவ சோறு போடுறா. போடாம என்ன, பெத்தவள்ல.

இப்ப அந்தக் கண்ணாடிக்காரி என்னன்னா, இது விழுந்ததுல ஆனது மாதிரித் தெரியலங்குறாளாம். குருணையாட்டம் கெடக்குல்ல, அது பிடுங்குன எடத்துல மிஞ்சுன துணுக்கா இருக்கும், பால்பல்லு ஓட்ட வெளிய எடுத்தாலும் உள்ள தங்குனது வளந்துருக்குங்குறாளாம். உள்ள இருந்த பெரிய பல்லோட மொளை அப்பவே குத்துப்பட்டுத் திரும்பிருச்சாம். படத்தப் பாத்தே சொல்றா. எட்டு வருசம் கழிச்சு எப்படி தாயி சொல்ல முடியும்? மாயமா மந்திரமா? பால்பல்லுக்கு அடியிலயே, ஏழு மாசத்துலயே, பெரிய பல்லு காத்துக்கிட்டு உக்காந்திருக்குமாம். சரி, உக்காந்திருக்கட்டும். எனக்கு யாரு சொன்னா? தெய்வேந்திரன் சொன்னாரா?

போயிச் சொன்னா என்னங்கிறியா? நல்லாருக்கு நீ கேக்குறது. சொன்னா என்ன ஆகும்? எம் மாப்ள முன்னாடி, அந்த நண்டுக பத்துப் பேரு முன்னாடி, ஆமா நான்தான்னு நிக்கணுமா? அப்பறம் சம்பந்திக்காரி சும்மா இருப்பாளா? அவ வாயில இவ இருந்தா என்ன, நான் இருந்தா என்ன? இவளுக்குப் பழகிருச்சு. எட்டு வருசம் தாங்குனவ இன்னும் கொஞ்சம் தாங்குவா. எனக்கு இந்த வயசுல இன்னொரு பேரு எதுக்கு? ஒரு பேரத் தொலைக்கவே ஒரு ஆயுசு ஆகிப்போச்சு.

என்ன, ஒரு மாதிரியாப் பாக்குற? நீ அவ தொட்டி கட்டுன லட்சணத்த நினைக்கிறியா? அதுல ஒண்ணும் கொறை இல்ல. அதச் சொல்லணும்ல. என் பல்லுக் கதைய அப்பறம் சொல்றேன்னேன்ல, இதுதான் அது. பிள்ளையத் தூக்கிட்டு வந்து, விழுந்துட்டான்னு சொல்லணும்னா தொட்டி அவுந்து கெடக்கணும்ல. முக்காலியப் போட்டு ஏறுனேன். உத்தரத்துக் கம்பியில அவ கட்டிருந்தா பாரு. அம்மாடி! ஆனையக் கட்டுனாலும் தாங்கும். ஒத்த முடிச்சுதான், ஆனா என்னமாக் கட்டிருந்தா தெரியுமா? நகத்தால நெம்புறேன், அசையல. மணி பன்னெண்டரை. வேர்த்துக் கொட்டுது. கடைசில பல்லால கடிச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து, அப்பத்தான் நெகிழ்ந்துச்சு. அன்னைக்கு ஆட்டங் கண்டதுதான் என் முன்பல்லு. மறுமாசம் விழுந்துருச்சு. அவ கட்டுன கட்டு தானா அவுந்திருக்குமா? நூறு பிள்ளையப் போட்டாலும் அவுந்திருக்காது. கட்டத் தெரிஞ்சவ அவ. அதுல மட்டும் கெட்டி.

எங்க பாக்குற? என் மொகத்தப் பாத்துக் கேளு. யாரு நிக்கிறா எம் பின்னாடி?

ஏய்... நீ எப்ப வந்த?

நான்தான் வாரேன்னேன்ல. அதுக்குள்ள என்ன அவசரம்? முட்டி வலின்னு சொன்னேன்ல. இந்தப் பிள்ளைகிட்டச் சும்மா பேசிக்கிட்டிருந்தேன். ஏன்டி இப்படி நிக்கிற, பேயறைஞ்ச மாதிரி? பேசேன். கத்தணும்னா கத்து, ஊரு பாக்கட்டும். என்னடி?

என்ன கேட்ட? சத்தமாக் கேளு.

ஆமா. சரியாத்தான் கட்டிருந்த. அதத்தானே இவகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். நல்லதாத்தானே சொன்னேன் ஒன்னையப் பத்தி.

அழுகாத இங்க. எல்லாரும் பாக்குறாக. தண்ணி பாட்டிலா? அந்தா பையில இருக்கு, எடுத்துக்க. நீ போட்ட முடிச்சு, நீயே அவுரு.

பாத்தியா தாயி, ஒரு இழுப்புல அவுந்துருச்சு. எனக்குக் காலையிலருந்து அவுரல.

அங்க எங்கடி போற? நானும் வரவா? மீனா. ஏ அழகுமீனா. டாக்டருகிட்ட நான் என்னத்தச் சொல்லணும்னு சொல்லிட்டுப் போ. இல்ல, நீயே சொல்லிருவியா? அடியே.

திரும்பிக்கூடப் பாக்கல. பாட்டில எடுத்தா, போயிட்டா. கதவச் சாத்திக்கிட்டா.

நீ எந்திரிச்சுட்டியா? ஒன் மகனக் கூப்புட்டாகளா? இல்லையே. அந்தப் பக்கம் காத்து வருதா? போ, போ. பிள்ளைய வச்சுக்கிட்டு நல்லாக் காத்தோட்டமா உக்காரு.

இங்க பாரு, பையைத் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கா. ஒரு முடிச்சுக்கூடப் போடல. உள்ள இருக்குறது பூராம் தெரியுது, கவுனு தொங்குது. பொறுப்பு இருக்கா பாரு இவளுக்கு.